கையெழுத்து இங்கே, கூகன் அங்கே

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தபோது என் வாய் நிறையக் கூகன் இருந்தது. பழமும் பாலேடும் வைத்து எங்கள் ஊரில் சுடுகிற கேக்குக்கு அதுதான் பெயர். சனிக்கிழமை சமூகக்கூடத்துச் சாப்பாட்டில் ஒரு கையில் அதைப் பிடித்தபடி, மறு கையால் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. கடல் கடந்து வந்து, இந்தச் சமவெளியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். ஊரே நம்பும் லவோன் நீட்டும் காகிதத்தை இங்கே யாரும் படிப்பதில்லை.

மாநிலத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அதன் சட்டமன்ற உறுப்பினர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். என்னிடம் ஒரு பழைய மடிக்கணினிதான் இருக்கிறது.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

"லவோன் டெஷ் கோபத்தில் கொதித்தாள்." (பொய். அவள் கொதித்து நான் பார்த்ததே இல்லை.)

"ஊழல் என்பது ஒரு..." (இதை முடிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

"லவோன் தன் புல்வெளியில் நின்ற தேர்தல் பலகையைப் பிடுங்கினாள்."

இது பரவாயில்லை. பிடுங்கினாள்தான். ஐந்து தேர்தலாக அவளே சுத்தியலால் அடித்து நட்ட பலகை அது. அவள் கட்சி, அவள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர். லவோனுக்கு அறுபத்து மூன்று வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். ஞாயிறு தவறாத தேவாலயம், வாசலில் கொடி, வண்டியில் துப்பாக்கி என்று ஊறிப்போன பழமைவாதி. அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. சின்னதாகத்தான் ஆயிற்று. ஒரு சாலை ஒப்பந்தக்காரரின் வேட்டை விடுதியில், ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு! விருந்து அவர் செலவு, காட்டுக்கோழி வேட்டை அவர் செலவு, பிறகு ஒப்பந்தங்களும் அவருக்கே.

"அடுத்த கட்சிக்காரன் திருடினா அது அவன் புத்தி. நம்ம ஆளு திருடினா அது நம்ம வெக்கம்" என்றாள் லவோன்.

அதனால்தான் அந்த மனு. உறுப்பினர்களுக்கு யாரும் விருந்தோ பரிசோ தரக் கூடாது என்ற சட்டத்தை மக்கள் வாக்குக்கு விட வேண்டும். எங்கள் மாவட்டத்தின் பங்கு இருநூறு கையெழுத்து, திங்கள் மாலைக்குள். ஒரே சாப்பாட்டில் இருநூற்றுப் பதினான்கு கிடைத்துவிட்டது. அவள் அன்று பாத்திரம் கழுவும்போது பாடினாளாம்.

3

ஞாயிறு காலை, தேவாலயம் முடிந்து, அவள் சமையலறை. தம்பி டெல்மர் வருகிறான். விதைப் பொட்டலமானாலும் மருந்துப் புட்டியானாலும் பின்பக்கத்தைப் படிக்காமல் விடாதவன்.

(இவன் "அக்கா" என்று கூப்பிட வேண்டுமென்று என் விரல் பரபரக்கிறது. இவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை. அடக்கிக்கொள்கிறேன்.)

"லவோன், மனுவோட பின்பக்கம் படிச்சியா?"

"அத யாரு படிப்பா?"

"கையெழுத்துக்கு ஈடா மதிப்புள்ள எதையும் தரக் கூடாதாம். தரலன்னு நோட்டரி முன்னாடி நீ கையத் தூக்கிச் சத்தியம் பண்ணணுமாம்."

"நான் என்னத்தக் குடுத்தேன்?"

டெல்மர் மூலையில் சாய்த்திருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினான். அவளே எழுதியது. "கையெழுத்து இங்கே, கூகன் அங்கே." நடுவில் ஓர் அம்புக்குறி வேறு.

இந்த ஊரில் வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது கிடையாது. கையெழுத்துப் போடாவிட்டாலும் கூகன் கிடைத்திருக்கும். ஆனால் அம்புக்குறி அப்படிச் சொல்லவில்லையே!

"ஒரு வழி இருக்கு. கூகன் மதிப்பில்லாத பண்டம்னு சொல்லிடு" என்றான் டெல்மர்.

"என் கூகனா?"

"சட்டத்துக்காகச் சொல்றேன்."

"வாய மூடு, டெல்மர்."

4

இங்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு துண்டு கேக்குக்காக ஒருத்தி இவ்வளவு தவிப்பாளா? வாசகர் நம்புவாரா? சுலபமான முடிவு ஒன்றை எழுதிப் பார்த்தேன்: லவோன் வங்கியில் இருக்கும் நோட்டரியிடம் போகிறாள், சத்தியம் செய்கிறாள், மனு வெல்கிறது, சுபம். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அவள் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இன்னொன்று: தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு அழுகிறாள். அதற்கும் அவள் வரமாட்டேன் என்றாள்.

"நம்ம சட்டம் ஜெயிச்சாலும் அடுத்த வருஷமே அவனுங்க ரத்து பண்ணிடுவானுங்க. எதுக்கு இந்தப் பாடு?" என்று டெல்மர் கேட்டதற்கு அவள் சொன்னது இது:

"பண்ணட்டும். கள்ளச் சத்தியத்துல வந்த சட்டம்னு சொல்லி ரத்து பண்ண நான் விடமாட்டேன். வண்டிய எடு."

இருநூற்றுப் பதினான்கையும் குறுக்கே அடித்துவிட்டுப் புதுத் தாள்களோடு கிளம்பினாள். எனக்கு இப்படி ஒரு பாத்திரம் வாய்த்ததில் தலைகால் புரியவில்லை.

5

ஞாயிறு மதியத்திலிருந்து வீடு வீடாக. இவள் கையில் ஒன்றுமில்லை, ஆனால் போன இடமெல்லாம் தட்டு வந்தது. காப்பி, தொத்திறைச்சி, ஊறுகாய், பச்சை நிறத்தில் நடுங்கும் ஜெல்லி.

"கையெழுத்து வாங்குறவ தின்னலாமா?"

டெல்மர் பின்பக்கத்தை இரண்டு தரம் படித்தான். "போடுறவங்களுக்குக் குடுக்கறதுக்குத்தான் தடை. நீ தின்னு."

முதல் பத்தொன்பது வீட்டில் தின்றாள். இடுப்புவாரை இரண்டு துளை தளர்த்தினாள். ஆனால் ஒவ்வொருவரிடமும், "படிச்சுட்டுப் போடுங்க" என்றாள். அங்கேதான் வினை. படித்தவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள்.

"அடிபடறது நம்ம ஆளுங்கதானே, லவோன்?" என்று ஒரு பண்ணைக்காரர் கேட்டார்.

"ஆமா."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். முப்பது வருஷமாக அவர் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றி இறக்கியவள் இவள். வண்டிக்குத் திரும்பியவள் தன் பக்கத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு ஒரு பெரிய ஏப்பம் வந்தது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

திங்கள் மதியம் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தாள்.

"வாத்தியாரே, போன தடவ நீங்க மென்னுக்கிட்டே போட்டீங்க."

படித்தேன், பின்பக்கமும் சேர்த்து. வெறும் வாயோடு கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஊர்க்காரனாக என்னை நான் உணர்ந்தது அன்றுதான்.

6

மாலை நாலு மணி, வங்கி. நோட்டரி ஜோலீன் முத்திரையை எடுத்து வைத்தாள்.

"வலது கையத் தூக்குங்க. கையெழுத்துக்கு ஈடா யாருக்காவது எதாவது குடுத்தீங்களா?"

லவோனின் கை தானாகவே எழுந்தது. "ஒரு துணுக்குகூட இல்ல!" வங்கியே திரும்பிப் பார்க்கும் குரல்.

முத்திரை விழுந்தது. "மொத்தம் எத்தன?" என்றாள் ஜோலீன்.

"எண்ணல. எண்ணியிருந்தா கை தூக்கும்போது சத்தியத்த விட்டுட்டு அந்த எண்ணுதான் ஞாபகத்துல நின்னிருக்கும். டெல்மர், இப்ப எண்ணு."

டெல்மர் விரலில் எச்சில் தொட்டு முதல் தாளைப் புரட்டுகிறான். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

மொத்தம்: ............

எண்ணை நீங்கள் போடுங்கள். இருநூறைத் தாண்டினாலும் சரி, தாண்டாவிட்டாலும் சரி, படித்துவிட்டுப் போடுங்கள். ஈடாக என்னிடமிருந்து ஒன்றும் கிடைக்காது.