இடப்பக்க வளைவு

எஞ்சின் மறுபடியும் இடப்பக்க வளைவில் போய் நின்றது. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில், சிறு மாதிரி ரயில்களை ஓட்டும் சங்கத்தின் கண்காட்சிக்கு இன்னும் இரண்டே நாள். உள்ளங்கை நீளமுள்ள அந்தச் சிவப்பு எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துவிட்டது, ஜெர்மனியிலிருந்து புதிது வரவேண்டும் என்று எல்லாரும் கைவிட்ட பிறகுதான் சங்கச் செயலாளர் ஸ்வென் அதைப் பஸ்தியாம்பிள்ளையிடம் தந்திருந்தார். மன்னாரில் ரேடியோ திருத்தியவன் என்பதை அவன் ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தான்.

அவனுடைய பயம் எஞ்சினோடு முடிவதாக இல்லை. மனைவி விக்ரோரியாவையும் மகள் மெற்றில்டாவையும் டென்மார்க்குக்கு அழைக்க அவன் போட்ட விண்ணப்பத்துக்குப் பதினாறு மாதமாகப் பதில் இல்லை. சண்டைக்குப் பயந்து ஓடிவந்து மடுக் கோயில் வளவில் மரத்தடியில் படுப்பதாக, இந்த எண்பத்தெட்டாம் ஆண்டு தை மாதம் அவள் எழுதியிருந்தாள். குடிவரவு அலுவலகத்துக்கு டேனிஷில் கடிதம் எழுதித் தருபவர் ஸ்வென்தான். அவருடைய எஞ்சினைக் கெடுத்துவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

கூட வந்திருந்த யேசுரட்ணம், மீன் ஆலையில் அவனோடு வேலை செய்பவன், காதருகே குனிந்தான்.

"அண்ணை, உதை இனிக் கழட்டாதேங்கோ. எரிஞ்சுதெண்டா எங்கடை தலையிலைதான் விழும்."

"எரிஞ்சிருந்தா நேர்ப்பாதையிலை ஓடுமோ? வலப்பக்கம் திரும்பேக்கையும் ஓடுது. இடப்பக்கம்தான் நிக்குது."

சொன்ன பிறகுதான் அது பஸ்தியாம்பிள்ளைக்கே உறைத்தது. மூடியைக் கழற்றி, எஞ்சினை மல்லாத்தி, முன்சக்கரங்களை மெல்ல இடப்பக்கம் திருப்பினான். மின்னோட்டம் பார்க்கும் மீற்றரின் முள் துள்ளியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், பலகைக்கு மின்சாரம் கொண்டுபோகும் கறுப்பு வயரின் தோல் உரசித் தேய்ந்து, மயிரளவு செம்பு வெளியே தெரிந்தது. சக்கரம் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அது இரும்புச் சட்டத்தைத் தொட்டது. தொட்டதும் பலகை தன்னைக் காத்துக்கொள்ள ஓட்டத்தை நிறுத்தியது. அவ்வளவுதான். புது வயர் ஒன்றைப் பற்றவைத்து, சட்டத்தில் படாமல் ஒதுக்கி விட்டான். எஞ்சின் இருபது சுற்று ஓடியது.

ஸ்வென் அவன் முதுகில் தட்டிவிட்டு, இன்று பதில் வாங்காமல் வைப்பதில்லை என்று சொல்லி, குடிவரவு அலுவலகத்தை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். அவர் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது. வைத்துவிட்டு, டேனிஷ் விளங்கும் யேசுரட்ணத்திடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்? கலியாணத் திகதியைப் பிழையா எழுதிப்போட்டனோ?" பதினாறு மாதமாகப் பஸ்தியாம்பிள்ளையைத் தூங்கவிடாத கேள்வி அது.

"இல்லை அண்ணை. ஒரு பேப்பரும் குறையேல்லையாம். எல்லாம் சரியாம். வேணுமெண்டே பைலை எடுக்காமல் வைச்சிருக்கினமாம்."

"ஏனாம்?"

"அதைச் சொல்லக்கூடாதாம்."

பத்திரிகைக்கு எழுதுவோம் என்றார் ஸ்வென். ஆனால் பெயரில்லாமல் போடமாட்டார்கள்.

"பேரைக் குடுத்தா, கந்தோர்க்காரர் கோவத்திலை ஒரேயடியா இல்லையெண்டு போடுவாங்கள் அண்ணை," என்றான் யேசுரட்ணம்.

பஸ்தியாம்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தான். இல்லை என்று ஒரு பதில் வந்தால் அவளுக்கு என்ன எழுதுவது? பதிலே வராவிட்டால்? பேனாவைக் கேட்டான். பத்திரிகைக்கு ஸ்வென் எழுதிவைத்த கடிதத்தின் அடியில் தன் பெயரை எழுதினான். கீழே விக்ரோரியா. அதன் கீழே மெற்றில்டா, வயது நான்கு.

கடிதத்தை ஸ்வென் எடுக்கப் போகையில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். விண்ணப்பம் போட்டபின் போன மாதங்களை விரல்விட்டு எண்ணினான். நான்கை வெட்டி, பக்கத்தில் ஐந்து என்று எழுதினான். பேனா கசிந்து, அந்த இலக்கம் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாய், ஈரமாய்க் கிடந்தது. அது காயட்டும் என்று மூவரும் காத்திருந்தார்கள்.