பேனரில் இடமில்லாத வரிகள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலாபக்கமும் ஒரு பார்வை பாருங்கள். ஏதாவது ஒரு கம்பத்தில் பிரபா எழுதிய கவிதை தொங்கிக்கொண்டிருக்கும். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அவள்தான். தாய்மாமன் பேர் இருக்கும், சித்தப்பா பேர் இருக்கும், நண்பர்கள் குழு என்று கூலிங் கிளாஸ் போட்ட பையன்கள் படம் வரிசையாக இருக்கும். அடியில் கடையின் போன் நம்பர்கூட இருக்கும். எழுதினவள் பேர்? மூச்!

ஜான்சனின் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிற வேலை அவளுக்கு. மற்ற கடைகளில் கம்ப்யூட்டரில் ரெடிமேடாக நாலு கவிதை வைத்திருப்பார்கள். செத்தவன் யாரானாலும் அவனை வானத்து நட்சத்திரமாக்கி அனுப்பிவிடுவார்கள். பிரபாவுக்கு அது ஆகாது. வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, "அவரு எப்டிப்பட்ட ஆளு? நல்லவருன்னு மட்டும் சொல்லாதீங்க, அத எல்லாருந்தான் சொல்றாங்க. வூட்ல இன்னா பண்ணுவாரு, அத சொல்லுங்க" என்று கேட்பாள். கேட்டுவிட்டுத்தான் கீபோர்டில் கை வைப்பாள். ஜான்சனுக்கு இது பெரிய பேஜார். ஆனால் கூட்டம் அவளுக்காகத்தான் வருகிறது என்பது அவருக்கும் தெரியும், வாயை மூடிக்கொள்வார்.

இப்படி இருக்கையில் நூலக வாசகர் வட்டம் கவிதைப் போட்டி அறிவித்தது. மாணவர்களுக்கு ஒரு பிரிவு, பெரியவர்களுக்கு ஒரு பிரிவு. அந்த நோட்டீசை அச்சுக்குத் தயார் செய்தவளே பிரபாதான். நடத்துகிற தமிழ்வாணன் பள்ளிக்கூட ஆசிரியர், கறாரான மனிதர். கவிதைத் தாளில் எண் மட்டும்தான், பேர் கூடாது. பரிசு வாங்கியவரின் பேரை மட்டும் மேடையில் சொல்வார்கள். இதற்குமுன் எங்கும் வெளிவராத கவிதையாக இருக்க வேண்டும்.

பிரபாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கப்பு வேண்டாம், சால்வை வேண்டாம். 'இதை எழுதியது பிரபா' என்று மைக்கில் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். ஊரெல்லாம் தன் வரியைப் படித்து அழுகிறது, சிரிக்கிறது, எழுதினவள் மட்டும் எவளோ என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

எந்தக் கவிதையை அனுப்புவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சாலவாக்கம் பக்கத்தில் கூலி வேலை செய்துவந்து இறந்துபோன முனியனுக்கு எழுதியதுதான். முனியனின் தம்பி பச்சமுத்து கடைக்கு வந்து சொல்லச் சொல்ல, அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதியது. பச்சமுத்து படித்துப் பார்த்தார். கடைசி வரிகளைக் காட்டி, "இத எடுத்துடும்மா. பேரு நெறைய கீது, எடம் பத்தாது" என்றார். அந்த வரிகள்தான் கவிதையின் உயிரே. வேறு வழியில்லை, எடுத்துவிட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. முழுக் கவிதை எங்கேயும் வரவில்லையே, பேனர் என்ன புத்தகமா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு அனுப்பிவைத்தாள்.

போட்டி நாள் ஞாயிற்றுக்கிழமை. கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. காலையில் மாணவர் பிரிவு. கல்லூரிப் பெண் ஒருத்தி டவுன் பஸ்ஸில் இடம் பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்த கவிதைக்கு மண்டபமே சிரித்தது, அவளுக்கே இரண்டாம் பரிசு. பேர் சுகிர்தா. பிரபாவுக்கு முன்வரிசையில் இருந்த அவள் அம்மா எழுந்து நின்று கைதட்டி, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்றாள்.

பிறகு பெரியவர்கள் பிரிவு. தமிழ்வாணனே ஒவ்வொன்றாக மைக்கில் படித்தார். நிலா வந்தது, சுதந்திரம் வந்தது, நெகிழி ஒழிப்பு வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த நடுவர் சுலோச்சனா அம்மாள் கொட்டாவியை மறைத்துக்கொண்டு குறித்துக்கொண்டிருந்தார்.

"எண் பதினான்கு" என்றார் தமிழ்வாணன். பிரபா சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

"ஊர் வயலுக்கெல்லாம் வரப்பு வெட்டினான்,
தனக்கென ஒரு வரப்பும் கேட்டதில்லை.
வீட்டுக்காரி திட்டினால் சிரிப்பான்,
சிரித்தே அவள் வாயை அடைப்பான்..."

"நிறுத்து நைனா!"

சுகிர்தாவின் அம்மா எழுந்து நின்றிருந்தாள். "இது எங்க வூட்டுக்காரருது! அவரு செத்தப்ப பேனர்ல போட்டது! எவ திருடினா இத? செத்தவன் பாட்ட திருடிக்கினு பிரைஸ் வாங்க வந்துகிறாங்களே, வெக்கமா இல்ல?"

இவள்தான் முனியனின் மனைவி செங்கேணி என்று பிரபாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சுகிர்தா தன் செல்போனில் இருந்த பேனர் படத்தை மேடைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். நடுவர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஆமாம், அதே வரிகள். ஏற்கெனவே வெளியானது. எண் பதினான்கு தள்ளுபடி" என்றார். மண்டபத்தில் சலசலப்பு. "திருட்டுக் கவிதையாம்பா" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். பதினான்கு யார் என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. எழுந்தால் ஆசைப்பட்ட பேர் வெளியே வரும், திருடி என்ற பட்டத்தோடு வரும். ஆனால் தன் வரியைத் தானே கைவிட்டுவிட்டு எந்த முகத்தோடு நாளைக்குக் கீபோர்டின் முன்னால் உட்காருவது? பிரபா எழுந்தாள்.

"நான்தான் எழுதினேன்க்கா. பேனர்லயும் நான்தான் எழுதினது. ஃப்ளெக்ஸ் கடையில வேல செய்றேன்."

செங்கேணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? உன் மூஞ்சியே நான் பாத்தது இல்ல. எங்க ஆள உனுக்கு எப்டி தெரியும்?"

"தெரியாதுக்கா. உங்க கொழுந்தன கேட்டு எழுதினேன். பேனர்ல வராத வரி இன்னும் கீது. எடம் பத்தலன்னு எடுத்துட்டாங்க. சார் கையில கீற தாள்ல பாருங்க."

செங்கேணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "படி நைனா. இன்னா கீதுன்னு பாக்கலாம்."

தமிழ்வாணன் நடுவரைப் பார்த்தார். நடுவர் தலையசைத்தார். தமிழ்வாணன் படித்தார்:

"அவள் அழுதால் மட்டும்
மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்
இருட்டில் தனியே நின்று
அழுதுவிட்டு வருவான்."

செங்கேணியின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது. மெல்லத் திரும்பி, அண்ணன் மகளின் போட்டிக்கு வந்து கடைசி வரிசையில் இருந்த பச்சமுத்துவைத் தேடினாள். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது நெசமா?"

"நெசந்தான் அண்ணி" என்றார் பச்சமுத்து. "எடமெல்லாம் கெடந்துச்சி. நான்தான் பொய் சொல்லி எடுக்க சொன்னேன். உங்களாண்ட சொல்லக்கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கினுகிறாரு. துக்கத்துல வாய் தவறி இந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டேன்."

செங்கேணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அடப்பாவி மனுசா" என்றாள். "எங்க வூட்ல மாடே கெடையாது. பண்ணையார் வூட்டு மாட்ட பாக்க போறேம்பாரு. நான் பீடிக்குத்தான் போறாருன்னு திட்டுவேன். திரும்பி வந்ததும் வாய ஊது பாக்கலாம்பேன். அதுக்கும் சிரிப்பாரே..." சொல்லிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். சுகிர்தா ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வீட்டு ரகசியத்தை மைக்கில் போட்டு உடைத்துவிட்டோமே என்று பிரபா பதறினாள்.

"மன்னிச்சிடுக்கா."

"எதுக்கு? அவரு அழுதாருன்னு இத்தினி நாளு கழிச்சி எனுக்கு தெரிஞ்சிதே, அதுக்கா?" செங்கேணி அவள் கையை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

நடுவர் அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்றைக்குக் கேட்டதில் இதுதான் சிறந்த கவிதை. ஆனால் விதி விதிதான். பாதி வெளியானாலும் வெளியானதுதான். பரிசு தர எனக்கு வழியில்லை" என்றார். பிரபா தலையாட்டினாள். விதியை அச்சுக்குக் கொடுத்ததே அவள்தானே, யாரைப் போய்க் குறை சொல்வது? தமிழ்வாணன் தாளைப் புரட்டி அடுத்த எண்ணுக்குப் போகப் பார்த்தார்.

"இரு நைனா" என்று செங்கேணி மறுபடி எழுந்தாள். "பிரைஸ் இல்லன்னா போவட்டும். எழுதினவ பேர நீ சொல்லவே இல்லியே. இவ்ளோ பேரு முன்னால திருடின்னுட்டேன் நானு. பேர சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

பரிசு இல்லாதவர் பேரை மேடையில் சொல்லும் வழக்கம் இல்லை. கறாரான தமிழ்வாணன் ஒரு கணம் யோசித்தார். பிறகு குனிந்து, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டு மைக்குக்குத் திரும்பினார்.

"எண் பதினான்கு. இந்தக் கவிதையை எழுதியவர் பிரபா."

"இன்னொரு தபா சொல்லு" என்றாள் செங்கேணி. அவர் இன்னொரு தடவை சொன்னார்.