மச்சான் சுற்றிய ஒன்பது கற்கள்

என் மனைவி புஷ்பவதியின் அண்ணன் செல்வரத்தினம் பதினொரு வருடங்களில் ஐந்து தடவை மெல்பேர்ணிலிருந்து ஆக்லாந்துக்கு வந்திருக்கிறார். எங்கள் நகரத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. கடற்கரைக்குக் கூட்டிப்போனால் மெல்பேர்ணில் இதைவிட நீளம் என்பார். மழை பெய்தால் அங்கே இதைவிட மரியாதையாகப் பெய்யும் என்பதுபோல வானத்தைப் பார்ப்பார். நாலாவது தடவை வந்துவிட்டுத் திரும்பும்போது, விமான நிலையத்தில் வைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"உந்தச் சூதாட்டக் கூடத்தையும் பக்கத்திலை நிக்கிற கோபுரத்தையும் விட்டா உங்கட ஊரிலை என்ன கிடக்கு, தவராசா?"

அந்தக் கேள்வியை நான் ஒன்றரை வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். இந்த ஐந்தாவது தடவைக்குத் திட்டம் போட்டேன். சூதாட்டக் கூடத்தின் பக்கமே போவதில்லை. சனிக்கிழமை பாபடோயிட்டோயில் ரயில் ஏறி நகர மையத்துக்குப் போய், முதலில் ஒரு பெரிய உணவகத்தில் ஏழு வகைச் சைவச் சாப்பாடு, பிறகு நவீன கலைக்கூடம். இரண்டிலும் எனக்குக் கொள்ளை ஆசை. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று புஷ்பவதி கேட்பாள், பிறகு எனக்கு முன்னால் சேலை கட்டிக்கொண்டு நிற்பாள். மச்சான் ஒரே ஒரு தடவை நல்லதாகச் சொன்னால் போதும், நான் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்று நினைத்திருந்தேன்.

ரயில் புறப்பட்ட பிறகுதான் அன்றைக்குப் புரட்டாதிச் சனி என்பது மச்சானுக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்காமல் ஒரு புரட்டாதிச் சனியும் விட்டதில்லையாம். ஒட்டாஹுஹு நிலையம் தாண்டும்வரை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். கோயிலுக்குத் திரும்புவோமா என்று புஷ்பவதி கேட்டாள். மூன்று மாதத்துக்கு முன்பே மேசை பதிந்து வைத்திருந்த நான், காது கேட்காதவன்போல ஜன்னலைப் பார்த்தேன்.

உணவகத்தில் முதலாவது வகை ஒரு ஆற்றங்கல்லின் மேல் வந்தது. இதில் எதைச் சாப்பிடுவது என்று மச்சான் பரிசாரகரிடமே கேட்டார். இரண்டாவதில் கவகவா என்ற இந்த நாட்டு இலை இருந்தது. அது பார்க்க அசல் வெற்றிலை. மச்சான் அதை நரம்பு கிள்ளி மடித்து வாயில் போட்டுவிட்டுப் பாக்கைத் தேடினார். நாலாவதாக அடுப்புத் தணலில் கருக்கிய கோவா, முட்டைக்கோசுதான். எனக்கு அது தேவாமிர்தம், தட்டை வழித்துச் சாப்பிட்டேன். மச்சான் முள்ளுக்கரண்டியால் அதைப் புரட்டிப் பார்த்தார். வீட்டில் கோவா அடிப்பிடித்தால் மனிசிக்கு ஏச்சு விழும், இங்கே அதற்குப் பெயர் வைத்துக் கொண்டுவருகிறார்கள் என்றார். மெல்பேர்ணில் கருக்குவதென்றாலும் ஒரு அளவோடு கருக்குவார்களாம். ஐஸ்கிரீம் வரும்போது எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

கலைக்கூடத்திலும் அதே கதை. நீல நிறம் மட்டும் பூசிய பெரிய துணி முன்னால் நான் மெய்மறந்து நின்றேன். தன் வீட்டுக் கராஜ் சுவரும் இந்த நிறம்தான் என்றார் மச்சான். நான் தோற்றுவிட்டேன் என்று முடிவு செய்து, கடைசி அறைக்குள் சும்மா எட்டிப் பார்த்தேன்.

அங்கே ஒன்பது கருங்கற்கள் இடுப்பளவு உயரத்துக்கு நின்றன. நடுவில் ஒன்று, சுற்றிவர எட்டு. ஒவ்வொன்றிலும் முகம்போலக் கொஞ்சம் செதுக்கியிருந்தார்கள். எதுவும் இன்னொன்றின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கல்லில் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

புஷ்பவதி வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். "அண்ணை, நவக்கிரகம்."

மச்சான் சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, கண்கள் கலங்க உள்ளே போனார். சனீஸ்வரன் தன்னைத் தேடி வந்துவிட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டு சுற்றத் தொடங்கினார். மூன்றாவது சுற்றில் இரண்டு மாணவிகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஆறாவது சுற்றில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியும் சேர்ந்தார்கள். காவலுக்கு நின்ற பெண் வந்து எல்லாருடைய செருப்புகளையும் வரிசையாக அடுக்கி வைத்தாள்.

நான் சுவரில் இருந்த குறிப்பை வாசித்தேன். கற்களைச் செய்தவர் ஒரு இளம்பெண். படிக்கிற காலத்தில் ஒரே ஃபிளாட்டில் தன்னோடு குடியிருந்த ஒன்பது பேரைச் செதுக்கியிருக்கிறாளாம். கடைசி மூன்று மாதம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லையாம். நடுவில் நிற்பவள் பெயரில்தான் வீட்டு ஒப்பந்தம் இருந்தது. கறுப்புத் துணி கட்டியவன் ஒரு வருடம் முழுக்க ஒரு பாத்திரமும் கழுவாதவன். அது அவன் விட்டுப்போன டீசேர்ட்.

மச்சான் ஒன்பதாவது சுற்றை முடித்து, கறுப்பு டீசேர்ட்டுக்கு முன்னால் நெடுநேரம் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார். வாசிக்கிற கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்ன எழுதியிருக்கு, தவராசா?"

உண்மையைச் சொன்னால் இவர் இதை மெல்பேர்ண் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். ஆக்லாந்து அதோடு போச்சு.

"ஒன்பது பேரைப் பற்றித்தான், மச்சான்."

"அந்தக் கறுப்புத் துணிக்காரர்?"

"அவராலை மற்றவை எல்லாருக்கும் பெரிய கரைச்சலாம்."

மச்சான் தலையை ஆட்டினார். தனக்குத் தெரியாத கரைச்சலா என்பதுபோல. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார், மரத் தரையைப் பார்த்தார், அடுக்கியிருந்த செருப்புகளைப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"எங்கட மெல்பேர்ணிலை இவ்வளவு அமைதியா, சுத்தமா ஒரு நவக்கிரகம் இல்லை. நல்ல ஊர், தவராசா."

பதினொரு வருடம் காத்திருந்தது அந்த மூன்று சொல்லுக்குத்தான். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் காலுறை போடக் குந்தியபோது நான் புஷ்பவதியின் காதருகே குனிந்து, ஒரு விசயம் சொல்லவேண்டும் என்றேன்.

"நான் உள்ளுக்கு வரேக்கையே வாசிச்சிட்டன்," என்றாள் அவள். "சத்தம் போடாமல் வாங்கோ."

நான் மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கி, அந்தக் கறுப்பு டீசேர்ட்டைக் கையெடுத்துக் கும்பிட்டேன். எந்த ஊரில் இருந்தாலும் அந்தப் பெடியன் ஒரு பாத்திரமும் கழுவாமல் நூறு வருடம் நன்றாக இருக்கட்டும்.