கையில் குத்திய விலாசம்

என் வீட்டுக்காரர் ஈராக்கில் இருக்கிற பாஸ்ராவுக்குக் கிளம்ப இன்னும் பதினோரு நாள் இருந்தது. நான் அவருடைய பெட்டியை மூன்றாவது முறையாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் வேலை பார்த்த மில்லைச் சாத்தி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஃபிட்டர் வேலை தெரிந்த கையை வைத்துக்கொண்டு மனுஷர் ரெட்டியார்பாளையத்தில் சைக்கிள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். மெட்ராஸ் ஏஜெண்டு விசா வந்துவிட்டது என்று தகவல் சொன்னபோது, அங்கே சண்டை நடக்கிறதே என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. வேறு வழி ஒன்று இருந்தால்தானே போகாதீர்கள் என்று சொல்ல முடியும்.

அந்த ஊர்ப் பெயர் எனக்குப் புதிதல்ல. மூன்று வருஷத்துக்கு முன் என் அண்ணன் பலராமன் அங்கேதான் போனான். குண்டு விழ ஆரம்பித்ததும் கூட இருந்தவர்கள் பஸ் பிடித்து ஜோர்டான் எல்லைக்குப் போய்விட்டார்கள். இவன் போகவில்லை. மூன்று மாதச் சம்பளம் பாக்கி, வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கடிதம் போட்டான். அவன் படுத்திருந்த கொட்டகையின் மேலேயே குண்டு விழுந்தது. பாஸ்போர்ட்டு கம்பெனி அலமாரியில் இருந்தது, இவன் இன்னார் என்று சொல்ல உடம்பில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எங்களுக்குத் தந்தி வர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரைக்கும் அண்ணி தனக்கொடி அவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பாஸ்போர்ட்டு நம்பரை மூன்று இடத்தில் எழுதி வைத்தேன். பெயரும் ஊரும் எழுதிய துணியை ஒவ்வொரு பேண்ட்டின் இடுப்புப் பட்டிக்குள்ளும் வைத்துத் தைத்தேன். அங்கே போனதும் நம் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிட வேண்டும், வாரம் ஒரு கடிதம் போட வேண்டும், கடிதத்துக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நம்பர் இருந்தால் நடுவில் ஒன்று வராமல் போனது எனக்குத் தெரியும்.

"நான் வேலைக்குப் போறேனா, சண்டைக்குப் போறேனா?" என்றார் அவர்.

"ரெண்டுக்கும் ஒரே பிளேன்தான்" என்றேன்.

துணி எரிந்துபோனால் என்ன செய்வது என்ற நினைப்பு வந்ததும் தூக்கம் போய்விட்டது. அந்த வாரம் மாசி மகம். சாமியெல்லாம் கடலுக்கு வந்த கூட்டத்தில், வைத்திக்குப்பம் கடற்கரையில், பாட்டரி மெஷினோடு பச்சை குத்துகிறவள் உட்கார்ந்திருந்தாள். இவரை இழுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் உட்கார வைத்தேன்.

"ஊட்டுக்காரர் பேரு சொல்லும்மா" என்றாள்.

நான் அவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை. இவரை முழங்கையால் இடித்தேன். அவரே பெயரையும் ஊரையும் சொன்னார். அவர் முன்கையில் அவள் இரண்டு வரியாகக் குத்தினாள். கூட்டம் வேடிக்கை பார்த்தது. "மாட்டுக்கு முத்திர குத்தறாப்ல குத்த வச்சிட்டா" என்று அவர் அவர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவும்போது மெதுவாகக் கேட்டார்.

"கமலா, இது தமிழ்ல இல்ல இருக்குது?"

இவ்வளவும் யோசித்தவளுக்கு இது தோன்றவில்லை. அரபிக்காரன் ஊரில் தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள்? என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் காலையில் தையல்காரர் மொய்னுதீன் பாயிடம் ஓடினேன். ஓதப் படித்தவர், அரபி எழுத்துத் தெரியும். பேரையும் ஊரையும் அந்த எழுத்தில் ஒரு துணியில் எழுதிக் கொடுத்தார். அதன் மேலேயே நூல் ஓட்டி, இவருடைய சட்டைக்குள் வைத்துத் தைக்க உட்கார்ந்தேன்.

இவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ பண்ணதெல்லாம் நான் செத்தா கண்டுபுடிக்கத்தான். உசுரோட வர்றதுக்கு ஒண்ணுமே வைக்கலியே" என்றார்.

முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் விரல் தேயத் தைத்தவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அண்ணன் செத்தது, பெயர் தெரியாததால் இல்லை. சம்பள பாக்கிக்காகக் காத்திருந்து செத்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊசியைக் கீழே வைத்தேன்.

"மத்தவங்க கெளம்பினா நீங்களும் கெளம்பிடணும். பெட்டி வாணாம், சம்பளம் வாணாம். வெறுங்கையோட வந்தா ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"ஊரு கேக்குமே."

"ஊருக்கு நான் சொல்லிக்கறேன்."

"சத்தியமா?"

அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். குத்திய இடம் ஆறவில்லை, முகத்தைச் சுளித்தார்.

போன பிறகு ஏழு கடிதம் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒன்பதாம் நம்பர் வந்தது, எட்டு வரவில்லை. ஒன்பதில் எல்லாம் சுகம் என்று நாலே வரி. அதற்குப் பின் ஒன்றும் இல்லை. சாயங்காலமானால் தனக்கொடி அண்ணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒன்பதாம் கடிதம் வந்த இருபத்தாறாம் நாள் சாயங்காலம் அண்ணிதான் முதலில் பார்த்தாள். என் தோளைத் தொட்டு, வாசலைக் காட்டிவிட்டு, எழுந்து உள்ளே போனாள்.

அவர் நின்றுகொண்டிருந்தார். யாருடைய சட்டையோ, தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி இல்லை, பை இல்லை. வாசற்படி ஏறாமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"மூணு மாசச் சம்பளம் அங்கியே..."

நான் போய் அவர் கையைப் பிடித்துத் திருப்பினேன். பச்சை நன்றாக ஊறியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தேன்.

"இராமதாஸ். குருசுக்குப்பம், புதுச்சேரி."

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அந்தப் பெயரை நான் சொன்னது அன்றைக்குத்தான்.

"வெலாசம் சரியாத்தான் இருக்குது. உள்ள வாங்க."

அவர் அப்போதும் அசையவில்லை. அண்ணி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

"பாக்கிய உட்டுட்டு வந்தியே தம்பி, அது போதும்" என்றாள்.