முடி இருக்கும்போதே

சென்னை அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை அறிவுச்செல்வன் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றபடி மறுபடியும் படித்தான். சாம்பல் நிறப் பின்னணி. அடர்நிறக் கோட்டு. தோள் வரை மட்டும். பல் லேசாகத் தெரிகிற சிரிப்பு. புகைப்படக்காரர் எடுத்த படமாக இருக்க வேண்டும், செல்போன் படம் ஏற்கப்படாது. ஒவ்வொரு முறையும் அவன் கண் கடைசி வரியில் போய்த்தான் நின்றது. செவ்வாய்க்கிழமைக்குள் படம் அனுப்பாதவர்களுக்கு அடையாள அட்டையில் இருக்கும் படமே கம்பெனியின் இணையதளத்தில் போடப்படும்.

அடையாள அட்டைப் படத்தில் அவனுக்கு முடி இல்லை. மீசையும் இல்லை. அம்மாவுக்குக் கொள்ளி வைத்து, சுடுகாட்டிலேயே மொட்டையடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிய வாரத்தில்தான் அந்த சோலார் பம்பு கம்பெனியில் எல்லாருக்கும் புது அட்டை போட்டார்கள். அழுது வீங்கிய கண்ணும், உரித்த பனங்கொட்டை போலத் தலையுமாக அவன் அதில் இருந்தான். அன்றிலிருந்து ஆபீஸில் அவனுக்கு 'கோவிந்தா' என்று பெயர். முடி வளர்ந்தது, மீசை வளர்ந்தது, பெயர் மட்டும் போகவில்லை. இப்போது நான்கு மாவட்டத்துக்கு அவன் மேலாளர். போன வாரம் நடந்த கூட்டத்தில்கூட யாரோ ஒருவன், "கோவிந்தா சார் ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். புதுப் படம் போனால் அந்தப் பெயரும் போய்விடும் என்று அவன் நம்பினான். ஸ்டுடியோவில் திங்கட்கிழமைக்குச் சொல்லியும் வைத்திருந்தான்.

வியாழக்கிழமை அப்பா விழுந்தார்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கண்ணாயிரத்தை வேனில் ஏற்றி வேங்கிக்காலில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இதயமும் பலவீனமாக இருக்கிறது என்றார் டாக்டர். "ரெண்டு நாள் போகட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார்.

ரெண்டு நாள் என்ற சொல் காதில் விழுந்ததும் அறிவுச்செல்வனின் மனம் ஒரு கணக்கைப் போட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு. படம் திங்கட்கிழமை. அவன் ஒரே மகன், கொள்ளி அவன்தான் வைக்க வேண்டும். வைத்த கையோடு மொட்டை.

அவன் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினான். துடைத்துக்கொண்டு திரும்பும்போது கணக்கு அங்கேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எழிலுக்கு போன் பண்ணினான். எழில் சென்னையில் கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த பெண். இப்போது செங்கம் ரோட்டில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறாள்.

"நாளைக்கே எடுத்துடலாமாம்மா?"

"நாளைக்குப் பௌர்ணமி சார். மத்தியானத்துக்கு மேல ரோட்டை அடைச்சிடுவாங்க. காலையிலயே வந்தீங்கன்னா முடிச்சிடலாம். ஏன் சார், இன்னா அவசரம்?"

"ஊருக்குப் போக வேண்டியிருக்கும்."

பொய்யில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அது நடந்தால் ஊருக்குத்தானே போக வேண்டும். அப்படி நினைத்ததும் மறுபடியும் முகம் கழுவவேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் அக்காள் கஸ்தூரியிடம், மாத்திரை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மணியின் சலூனுக்குப் போனான். மணி அவர்கள் ஊர்க்காரன். டவுனுக்கு வந்து கடை போட்டுக் கண்ணாடியும் ஏசியும் வைத்துவிட்டாலும், ஊரில் ஒரு சாவு விழுந்தால் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அம்மா செத்தபோது சுடுகாட்டில் அவன் தலையை வழித்ததும் மணிதான்.

"அப்பா எப்படிக்கீறாரு அண்ணே?"

"அப்படியேதான்."

மணி துணியைப் போர்த்தினான். சீப்பால் முடியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தான். கத்தரியை எடுக்கவில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இப்ப வெட்டணுமா? ரெண்டு நாள் பார்த்துக்கலாமே."

கண்ணாடியில் இரண்டு பேரின் கண்ணும் சந்தித்தன.

"வெட்டுடா" என்றான் அறிவுச்செல்வன். "காதுகிட்ட நரைச்சிருக்குது பாரு, அதுக்கும் சாயம் பூசிடு. மீசைக்கும்."

வழக்கமாகக் கட்சி, சினிமா, நிலத்து விலை என்று ஊர் உலகத்தையே பேசுகிற மணி, அன்று முடியை மட்டும் பார்த்து வெட்டினான். காசு கொடுத்தபோது, "இருக்கட்டும் அண்ணே, அப்புறம் சேர்த்து வாங்கிக்கிறேன்" என்றான். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று கையை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் கஸ்தூரி மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாடா இது, சாய வாடை?"

"நாளைக்கு ஆபீஸ் போட்டோ."

"திங்கக்கெழமன்னு தானே சொன்னே?"

"மாத்திட்டாங்க."

"யாரு மாத்துனாங்க?"

அவன் மாத்திரை வாங்கி வந்தவன் போலக் கையிலிருந்த கவரைப் பிரித்தான். அதில் மாத்திரை இல்லை. பிளேடும் ஷேவிங் க்ரீமும் இருந்தன. கஸ்தூரி அவன் தலையைப் பார்த்தாள், பிறகு ஐசியூ கதவைப் பார்த்தாள். அவள் முகத்தில் கணக்கு ஓடி முடிவதை அவனால் பார்க்க முடிந்தது.

"அடப்பாவி" என்றாள். சத்தமே இல்லாமல்.

"இல்லக்கா. அந்த அட்டையில இருக்கிற படத்தை நீ பார்த்ததில்ல. அதையே போட்டுடுவாங்க. நாலு மாவட்டத்துல இருக்கிறவன் பார்ப்பான்..."

"பேசாத. எம்மூஞ்சில முழிக்காத. போய்ப் பல்லைக் காட்டிக்கினு எடுத்துட்டு வா."

சனிக்கிழமை காலையில் அவன் மனைவி வினோதினி கோட்டை இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மாட்டிக் கையில் கொடுத்தாள். கஸ்தூரி அவளிடம் சொல்லியிருப்பாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் உறையின் ஜிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பைக் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் போலீஸ்காரர் தடுப்பைக் காட்டினார். கிரிவலக் கூட்டம் அதற்குள் இறங்கிவிட்டது. பைக்கை ஒரு சந்தில் விட்டு, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். சுற்றிலும் செருப்பில்லாத கால்கள். ஷூ போட்டிருந்தது அவன் ஒருவன்தான். அது ரோட்டில் 'டக் டக்' என்று கேட்டது. வேர்வையில் சாயம் கரைந்து காதோரம் வழிகிறதோ என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

ஸ்டுடியோவில் எழில் அவனை உட்காரவைத்து ஒரு காகிதத் துண்டால் நெற்றியை ஒற்றினாள்.

"தோளை இறக்குங்க சார். தாடையைக் கொஞ்சம் முன்னாடி. மூச்சை விடுங்க. ஏன் சார், யாரோ கூப்பிடற மாதிரியே உட்கார்ந்திருக்கீங்க?"

சில படம் எடுத்ததும் கம்ப்யூட்டரில் காட்டினாள். ஆள் நன்றாகத்தான் இருந்தான். ஆனால் எல்லாப் படத்திலும் கண் கேமராவை விட்டு இடது பக்கம் போயிருந்தது. இடது பக்கம் முக்காலியில் அவன் செல்போன் இருந்தது.

"போனை வெளிய வெச்சிடட்டுமா?"

"வேணாம்."

மறுபடியும் உட்கார்ந்தான். அப்போதுதான் போன் அடித்தது. 'அக்கா' என்று திரையில் தெரிந்தது. எழில் கேமராவை இறக்கினாள்.

"எடுங்க சார்."

எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் எழுந்து போக வேண்டும். தெரியாத வரைக்கும் அவன் படமெடுத்துக்கொள்கிற ஒரு மனிதன்தான்.

"முடிச்சிட்டுப் பேசிக்கிறேன். நீங்க எடுங்க."

"அடிச்சிக்கினே இருக்குது சார்."

"எடும்மா!"

அவள் படம் எடுத்தாள். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அந்த இரண்டாவது அழைப்பில் அவன் கண் கேமராவை நேராகப் பார்த்தது, பல் லேசாகத் தெரிந்தது, தோள் இறங்கியிருந்தது. மின்னஞ்சலில் கேட்டிருந்ததெல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. எழில் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "இதான் சார்" என்றாள். அவனால் அதைப் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்து கஸ்தூரியை அழைத்தான்.

"எங்கடா செத்துத் தொலைஞ்ச? அப்பா கண்ணு முழிச்சிட்டாரு. ரூமுக்கு மாத்திட்டாங்க. கஞ்சி குடிச்சாரு. உன்னைத்தான் கேக்கறாரு."

கோட்டைக் கழற்றத் தோன்றாமல் கூட்டத்துக்கு எதிராக நடந்தான். மலையை வலப்பக்கம் வைத்துப் போகிற அத்தனை பேருக்கும் எதிரே கோட்டும் ஷூவுமாக ஒருவன். "எதுருல வராதப்பா" என்று ஒரு அம்மாள் அதட்டினாள். இன்னொருவர் வழிவிட்டு, "பேங்க் மேனேஜரு போலக்கீது" என்றார்.

சந்தில் விட்டிருந்த பைக்கை எடுத்துக்கொண்டு அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கண்ணாயிரம் சாய்த்த கட்டிலில் படுத்திருந்தார். கன்னம் உள்ளே போய், நரைத்த தாடி முள்முள்ளாக நின்றது. மகனைத் தலையிலிருந்து ஷூ வரைக்கும் பார்த்தார்.

"இன்னாடா கோட்டு?"

"ஆபீஸ்ல மீட்டிங்குப்பா."

"போட்டோ எடுக்கப் போனான்" என்றாள் கஸ்தூரி, ஜன்னலைப் பார்த்தபடி. "திங்கக்கெழம எடுக்க வேண்டியது. இன்னிக்கே எடுத்துக்கினு வந்துட்டான்."

கிழவர் மகனின் காதோரத்தைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். நிதானமாக, கடலை விலை பேச வந்த வியாபாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மணிகிட்ட போனியா?"

"ம்."

"நான் போறதுக்குள்ள எடுத்துடலாம்னு பார்த்தியா, முடி போறதுக்குள்ள எடுத்துடலாம்னு பார்த்தியா?"

"அப்பா..."

கண்ணாயிரத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, கஸ்தூரி முதுகைத் தடவிவிட, அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அறிவுச்செல்வன் நின்ற இடத்திலேயே நின்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான்.

"எவ எடுத்தா? ஒழுங்கா எடுப்பாளா?"

"எடுப்பாப்பா."

"அப்ப எனக்கும் ஒண்ணு எடுத்துடு."

இரண்டு பிள்ளைகளும் அவரைப் பார்த்தார்கள்.

"இன்னா முழிக்கிறீங்க? உங்க அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிச்சீங்களே, எந்தப் படம் போட்டீங்க? கல்யாணத்துல சோறு துன்றப்ப எவனோ எடுத்ததுலேர்ந்து தலையை மட்டும் வெட்டிப் போட்டீங்க. ஒரு கன்னம் உப்பிக்கினு இருந்தது. பக்கத்துல எவளோ ஒருத்தியோட தோளு. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நம்ம தெரு வரைக்கும் ஒட்டி வெச்சிருந்தீங்க. காரியம் முடியற வரைக்கும் நான் அந்தச் செவுத்துப் பக்கமே பார்க்காம நடந்தேன்."

கஸ்தூரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அந்தப் படத்தைத் தேடி எடுத்தது அவள்தான். அன்றைக்கு அதைத் தவிர வேறு படம் கிடைக்கவில்லை.

"என் ஆதார் கார்டு படத்தைப் பார்த்திருக்கிறியா? ஆடு திருடினவன் மாதிரி இருப்பேன். அதைத்தான் போடுவீங்க நீங்க. இப்பவே எடுத்துடு. வெள்ளைச் சட்டை. துண்டு வேணாம். மீசையை நல்லா முறுக்கி வுடு."

"கோட்டு போட்டுக்கிறியாப்பா?" என்று கேட்டுவிட்டான் அறிவுச்செல்வன்.

"அடச்சீ! கோட்டு போட்டுக்கினு கொல்லைக்குத் தண்ணி கட்டவா?"

வராண்டாவில் டாக்டரைப் பிடித்தான். தேறியிருக்கிறார், ஆனால் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது, இன்றைக்கு ராத்திரி தாண்டட்டும் என்றார். அறிவுச்செல்வன் தலையாட்டினான். தலையாட்டி முடிப்பதற்குள் கணக்கு மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டது. இன்று ராத்திரி. நாளைக்குக் காலை. நாளைக்கு எழில் வரும்போது அந்த முகம் இருக்குமா?

எழிலுக்கு போன் போட்டான்.

"சார், உங்க படத்தை அனுப்பிட்டேன், பார்த்தீங்களா?"

"அது கெடக்கட்டும்மா. ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு படம் எடுக்கணும். எங்க அப்பாவை."

"நாளைக்கு வந்துடறேன் சார், கூட்டம் கலைஞ்சதும்."

"நாளைக்கு வேணாம். இன்னிக்கே."

"சார், ரோட்டைப் பாருங்க, ஒரே ஜனம். லைட்டு, ஸ்டாண்டு எல்லாம் தூக்கிக்கினு எப்படி சார் வர்றது?"

"நான் வந்து தூக்கிக்கிறேன். நீ கேமராவை மட்டும் எடுத்துக்கினு கூட வா."

உள்ளே கஸ்தூரி பிளேடையும் ஷேவிங் க்ரீமையும் அவன் கவரிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். கிழவர் தாடையைத் தூக்கிக் காட்டினார்.

"மீசைகிட்ட பார்த்து" என்றார்.

"தெரியும், பேசாம இரு" என்றாள் கஸ்தூரி. பிறகு திரும்பாமலே தம்பியிடம் சொன்னாள், "நீ இன்னும் இன்னாத்துக்கு நிக்கிறே? போ. சீக்கிரம் கூட்டிக்கினு வா."

அறிவுச்செல்வன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். படியிறங்கும்போது ஷூ தடுக்கியது. அதையும் கழற்றி வாட்ச்மேன் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு பைக்கை உதைத்தான்.