பாலம் வரைக்கும் முரசு

முழங்கையால் சன்னல் கண்ணாடியை உடைத்து, உள்ளே கையை விட்டு, பிலோமினா கிரீலி அந்தப் பெரிய முரசை வெளியே இழுத்தபோது காலை மணி பத்தே முக்கால். முரசு சன்னலைவிட இரண்டு விரற்கடை அகலம். அதனால் சட்டமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. வாரை ஒரே வீச்சில் தோளில் மாட்டினாள். முன்கையில் கண்ணாடிச் சில்லு ஒன்று நட்டுக்கொண்டு நின்றது, அதைப் பிடுங்கக்கூட அவள் நிற்கவில்லை. முரசை நெஞ்சில் தூக்கிக்கொண்டு சந்து வழியே ஓடினாள். பின்னால் மூன்று ஆண்கள். முதலில் ஓடிவந்தவர் ஊர்வலக் கமிட்டித் தலைவர் ஃபின்பார் லாலி. முன்பக்கம் மதுக்கடை, பின்பக்கம் சவப்பெட்டிக் கிடங்கு வைத்திருப்பவர். முரசை அந்தச் சவப்பெட்டிகளுக்கு நடுவில்தான் பூட்டி வைத்திருந்தார்.

"பிலோமினா, மரியாதையா அதைக் கீழ வச்சிடு. இந்த வருஷம் இன்ஷூரன்ஸ் கிடையாது!"

இன்ஷூரன்ஸுக்காக ஒரு மனிதர் அந்த வயதில் அப்படி ஓடமாட்டார். அந்த முரசை ஒரு அடி அடித்தால் அயர்லாந்துச் சிற்றூரான ட்ரம்காராவில் எத்தனை முகம் கிழியும் என்பது துரத்தி வந்த மூவருக்கும் தெரியும். அதில் தங்கள் முகமும் உண்டு என்பதும் தெரியும்.

விஷயம் 1953-இல் ஆரம்பித்தது. அந்த வருஷம் புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலத்தில் எந்த பேண்டு முதலில் பாலம் ஏறுவது என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தகராறு வந்தது. திருநாளன்று மதுக்கடை திறக்கக் கூடாது என்று அப்போது சட்டம். ஆகவே பாலத்தில் அடித்துக்கொண்ட அறுபத்து நான்கு பேரும் நல்ல தெளிவோடுதான் அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஒரு கண் போனது. இன்னொருவருடைய தலையை முரசுக்குள் நுழைத்தபோது தோல் கிழிந்தது, அவருடைய காதும் கிழிந்தது. மறுவருஷம் இரண்டு பேண்டையும் ஒன்றாக்கி, முரசுக்குப் புது ஆட்டுத்தோல் போட்டார்கள். ரத்தம் ஊறிய பழைய தோலை வீணாக்க மனமில்லாமல் உள்பக்கம் வைத்துத் தைத்துவிட்டார்கள். திருநாளான மார்ச் பதினேழாம் தேதி கோயில் வாசலில் முதல் அடி விழுந்ததும், தபால்காரருக்கு இடது கண் கறுத்து வீங்கியது. முந்தின நவம்பரில் அவர் தன் தம்பிக்கு எந்தக் கண்ணை வீங்க வைத்தாரோ அதே கண்.

அன்றிலிருந்து அப்படித்தான். கடந்த ஒரு வருஷத்தில் யார் யாரை எங்கே அடித்தாரோ, அடித்தவருக்கு அதே இடத்தில் அதே காயம் வரும். கூடாது, குறையாது. ஈஸ்டருக்குள் ஆறிவிடும். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அடித்ததை முரசு கண்டுகொள்ளாது. 1967-இல் தலைமையாசிரியரின் இரண்டு உள்ளங்கையும் ரொட்டி மாவு போல உப்பி, ஈஸ்டர் வரை அவரால் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. 1971-இல் பங்குச் சாமியார் ஊர்வலத்தின் நடுவிலேயே முனகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் காயம் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. ஏப்ரலில் அவரை வேறு பங்குக்கு மாற்றினார்கள்.

இதனால் ஊர்வலத்தைப் பற்றி ட்ரம்காராவில் எப்போதுமே இரண்டு கருத்து. மருந்துக்கடைக்காரர் பிப்ரவரியிலேயே கூடுதலாகப் பஞ்சும் அயோடினும் வரவழைப்பார், அவருக்கு ஊர்வலம் வேண்டும். ஓட்டல்காரருக்கும் வேண்டும், ஏனென்றால் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வேடிக்கை பார்க்க வருகிறார்கள். சில ஆண்களுக்கு அந்த வாரம் பார்த்து வெளியூரில் அத்தை சாகக் கிடப்பாள். ஆனால் முரசு எங்கே போனாலும் விடாது. ஒருவருக்கு ஸ்பெயின் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது உதடு கிழிந்தது. பெண்கள் மாடிச் சன்னலில் நின்று பார்ப்பார்கள். பார்த்ததைப் பற்றிப் பேசமாட்டார்கள். சட்டையில் திருநாளுக்கான ஷாம்ராக் தழையைக் குத்திக்கொண்டு, கிழிந்த மூக்கோடு ட்ராக்டர் ஓட்டிப் போகிறவருக்கும் கை தட்டுவார்கள்.

பிலோமினாவின் புருஷன் மாலக்கி கிரீலி கல்யாணமான முதல் வருஷமே இரண்டு கண்ணும் மூடி, பல் ஒன்று போய், காலரில் ரத்தத்தோடு பாலம் ஏறினான். அதையும் சேர்த்துப் பத்தொன்பது திருநாள், பத்தொன்பது தடவை. 1998-இல் விலா எலும்பு இரண்டு முறிந்து நடுத்தெருவில் விழுந்தான். அதே இரண்டு விலா எலும்பும் முறிந்த நிலையில்தான் பிலோமினா அந்த ஜனவரி முழுக்கப் பால் கறந்திருந்தாள். ஊர் எண்ணிக்கொண்டுதான் இருந்தது. மதுக்கடையில் அவன் முதுகில் தட்டி, "என்ன மாலக்கி, இந்த வருஷம் பூ கொஞ்சம் அதிகமா பூத்திருக்கே" என்பார்கள். அவனும் சிரிப்பான். சிரித்தால் உதடு வலிக்கும் என்பதற்காகக் கொஞ்சமாகச் சிரிப்பான். அடுத்த திருநாள் வரைக்கும் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள்.

இந்த வருஷம் பிப்ரவரி இருபதாம் தேதி காலை மாலக்கி தன் வீட்டுக்குப் பின்னாலுள்ள தடுப்பணையில் முகம் குப்புற இறந்து கிடந்தான். இடது பொட்டில் பிறை வடிவத்தில் ஒரே ஒரு வெட்டு. பாட்டில் அடி என்று முடிவு கட்டினார்கள். முந்தின நாள் மாலை லாலியின் கடை வாசலில் மாலக்கி பெண்டாட்டி மேல் கை ஓங்கியிருக்கிறான். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எட்சன் என்ற பிரேசில்காரன் அந்தக் கையைப் பிடித்து, இறக்கிவிடும்வரை விடாமல் நின்றிருக்கிறான். நாற்பது பேர் பார்த்தார்கள். இருபது வருஷத்தில் அந்தக் கையைப் பிடித்த முதல் ஆள் அவன்தான், அதனால் சந்தேகமும் அவன் மேல்தான் விழுந்தது. அவனை லாக்கப்பில் வைத்து, மார்ச் பதினெட்டாம் தேதி நகரத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அவனுக்காகப் பேச ஊரில் யாரும் முன்வரவில்லை. பதினேழாம் தேதி முரசு சொல்லட்டும் என்று அவனோடு வேலை பார்ப்பவர்கள் காத்திருந்தார்கள். கமிட்டி கூடியது, ஒன்பதுக்கு இரண்டு என்ற கணக்கில் ஊர்வலத்தை ரத்து செய்தது. காரணம் இன்ஷூரன்ஸ்.

அந்தத் திருநாள் காலையில்தான் பிலோமினா முரசோடு சந்திலிருந்து பெரிய தெருவுக்குள் பாய்ந்தாள். கோயில் வாசலில் வயதான பேக்கி ஹெவரின் வெறுங்கையோடு, பேண்டு உடுப்பில் நின்றிருந்தார். ஐம்பத்திரண்டு வருஷம் அந்த முரசை அடித்தவர், ஒரு ஈயைக்கூடக் கொல்லாதவர். ரத்து என்று சொல்லியும் பழக்க தோஷத்தில் வந்து நின்றுவிட்டார். அவள் மூச்சு வாங்க எதிரே நின்றதும், கோட்டுக்குள்ளிருந்து குச்சியை எடுத்து நீட்டினார்.

"கனம் தாங்குவியாம்மா?"

"தாங்குவேன். நீங்க பக்கத்துல வாங்க, அது போதும்."

முதல் அடி விழுந்தது. லாலியின் கீழுதடு பிளந்தது, ஓடிவந்தவர் ஓடிவந்த வேகத்தில் முழங்கால் மடங்கி விழுந்தார். சன்னல்கள் திறந்தன. இரண்டாவது அடியில் எதிர்ச்சாரியில் ரொட்டிக்கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார், விரலிடுக்கில் சிவப்பு. மூன்றாவது அடிக்கு வங்கி மேலாளரின் தலைமயிர் ஒரு கொத்து வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. எல்லாரும் தேடியது ஒன்றைத்தான். இடது பொட்டில் பிறை.

அது யார் முகத்திலும் இல்லை. பிலோமினா நடந்தாள். முரசு அவள் கண்வரைக்கும் மறைத்தது. மேலே தலைக்குட்டை, பின்னால் வருபவர்களுக்கு அவள் முதுகு மட்டும். சவ ஊர்வலத்துக்குப் பின்னால் போவதுபோல முதலில் பெண்கள் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். பிறகு பேண்டுக்காரர்கள், உடுப்புப் பாதி போட்டும் போடாமலும். தொழிற்சாலையிலிருந்து எட்சனின் ஆட்கள் பன்னிரண்டு பேர் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு வந்தார்கள். அந்த பூட்ஸில் காலையில் வெட்டிய மாட்டின் ரத்தம் இன்னும் காயவில்லை. தெருவில் முரசுக்குப் பின்னாலேயே சொட்டுச் சொட்டாக ஒரு சிவப்புக் கோடும் போனது. கண்ணாடி கிழித்த கை, பாவம் என்றார்கள்.

பால் பண்ணை முக்கில் லாலியின் ஆட்கள் பாய்ந்தார்கள். லாலி பேக்கியின் வாயில் ஓங்கிக் குத்தினார். அடுத்த முரசடி விழுந்ததும் லாலியின் முன்பல் இரண்டு அவர் காலடியிலேயே விழுந்தன. ஒருவன் ட்ராம்போன் என்ற நீளப் பித்தளைக் குழலைப் பிடுங்கிப் பேண்டுக்காரன் மண்டையில் இறக்கினான், முரசு அதிர்ந்தது, அவன் மண்டை பிளந்தது. தாங்கமுடியாமல் மேலத்தெரு கீழத்தெருவின் மேல் விழுந்தது. அறுபது வருஷத்துக் கோபம், யாருக்கு எதற்கு என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததை எல்லாம் எடுத்து அடித்தார்கள். ஒவ்வொரு அடியும் முரசின் அடுத்த அடியில் அடித்தவனிடமே திரும்பி வந்தது. கழுத்தை நெரித்தவன் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உருண்டான். காதைக் கடித்தவன் தன் காதைத் தேடினான். இப்படி மொத்தம் நான்கு நிமிஷம். அதற்குள் அடிப்பதில் லாபமில்லை என்பது எல்லாருக்கும் புரிந்து, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார்கள். தெருவில் முரசுச் சத்தமும் ஆட்கள் துப்பும் சத்தமும்தான்.

பேக்கி வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி அவள் பக்கத்தில் வந்தார். பக்கத்தில் நடப்பவர் அவர் ஒருவர்தான். அவள் முகத்தைப் பார்த்தார், கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"பாதி வழிதான் ஆகியிருக்கு. இறக்கிடலாமா, தாயி?"

"பாலம் வரைக்கும்" என்றாள்.

பாலத்தின் முனையில், பிரமுகர்கள் நின்று சல்யூட் வாங்க வழக்கமாக ஒரு லாரிப் பெட்டி நிறுத்தியிருப்பார்கள். ரத்து என்பதால் இந்த வருஷம் அது இல்லை. ஊர்ப் போலீஸ் சார்ஜென்ட் டுவோஹி மட்டும் நின்றிருந்தார். வந்து சேர்ந்த கூட்டத்தின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உடைந்த மூக்கு, மூடிய கண், கிழிந்த கன்னம். நூற்று எண்பது முகம். ஒன்றிலும் பிறை இல்லை. ரப்பர் பூட்ஸ்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டார்கள். லாலி பல்லில்லாத வாயால், "பாத்தியா? ஊர்க்காரன் ஒருத்தனும் இல்ல. ஜெயில்ல இருக்கானே, அவன் மூஞ்சியைப் போய்ப் பாரு" என்றார். சார்ஜென்ட் அதையும் பார்த்துவிட்டே வந்திருந்தார். லாக்கப்பில் எட்சனின் முகம், கழுவிய தட்டுபோலச் சுத்தமாக இருந்தது.

முரசடிப்பவரை முரசு தொடாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பேக்கி யாரையும் அடித்தவரில்லை என்பதால் அதைச் சோதித்துப் பார்க்க அரை நூற்றாண்டாக வாய்ப்பே வரவில்லை.

பிலோமினா வாரைக் கழற்றி முரசைப் பாலத்தின் மேல் இறக்கி வைத்தாள். தலைக்குட்டையை அவிழ்த்தாள். இடது பொட்டில், காதுக்குச் சற்று மேலே, பிறை வடிவத்தில் வெட்டு. அதிலிருந்துதான் கோயில் வாசலிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. முகத்தில் வேறொரு கீறல் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் திருப்பி அடித்தது அந்த ஒரே ஒரு அடி.

பத்தொன்பது தடவை கை தட்டியவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். அவள் சார்ஜென்ட்டின் முன்னால் போய் நின்றாள்.

"நாலாவது தடவையா சொல்றேன் சார்ஜென்ட். என் கழுத்தைப் புடிச்சான், அடிச்சேன், எழுந்து வெளியே போனான், விழுந்துட்டான். இப்பவாச்சும் எழுதிக்குங்க."

சார்ஜென்ட் எழுதிக்கொண்டார். எட்சன் அன்று மாலையே வெளியே வந்தான், மறுவாரம் தொழிற்சாலைக்குப் போனான். கோர்ட்டில் பிலோமினாவின் பழைய எலும்பு முறிவுகளை வாசிக்க டாக்டருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நீதிபதி அவளை வீட்டுக்கு அனுப்பினார். ஈஸ்டருக்குள் காயம் ஆறியது. ஊர்வலம் அதன்பின் ஒரு வருஷமும் நிற்கவில்லை. பேக்கி இறந்தபிறகு முரசு பிலோமினாவிடம் வந்தது. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இன்னும் கமிட்டிக் கூட்டத்தில் கத்திக்கொள்கிறார்கள், கையை மட்டும் ஓங்குவதில்லை.

அவள் சொன்ன முந்தைய மூன்று தடவை பற்றி எந்த ரிக்கார்டிலும் இல்லை. முதல் தடவை மாலக்கியை அடக்கம் செய்த அன்றே ஸ்டேஷனுக்குப் போனாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று சார்ஜென்ட் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினார். இரண்டாவது தடவை அவளை ஜீப்பில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டார். மூன்றாவது தடவை, ரொட்டி சுடும் இரும்புச் சட்டியின் மூடியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய் அவர் மேசை மேல் வைத்தாள். விளிம்பில் மாலக்கியின் முடி ஒட்டியிருந்தது. சார்ஜென்ட் அதை வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அவள் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். நல்ல கனமான மூடி, ஸ்டேஷன் சமையலறைச் சட்டிக்கும் அளவாகப் பொருந்தியது. திருநாளுக்கு முந்தின இரவு வரைக்கும், லாக்கப்பில் எட்சனுக்குக் கொடுத்த உருளைக்கிழங்கை அதைப் போட்டு மூடித்தான் வேகவைத்துக்கொண்டிருந்தார்.