ஆறு மில்லிமீட்டர் இட்லி

எங்கள் ஊரில் டிசம்பர் முதல் வாரம் வாய் அளக்க ஆள் வருவார். பித்தளை அளவுகோலை இரண்டு உதடுகளுக்கும் நடுவில் நிறுத்தி, "ஆ சொல்லுங்க" என்பார். அளவை ஓர் அட்டையில் எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார். பண்டிகைக்கு ஆட்களைக் கூப்பிடுகிறவர்கள் வருகிறவர்களுடைய அட்டைகளின் நகலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பரிமாறும் எதுவும் அவரவருக்குச் சரியாக ஒரு வாய் அளவில் இருக்க வேண்டும் என்பது விதி. கடித்துவிட்டு மீதி வைக்கக் கூடாது. வாய் இருந்த எதையும் வாய்க்குள் போடக் கூடாது என்பதால் கோழி, மீன், ஆடு எதுவும் கிடையாது. காய்கறிகளுக்கு வாய் இல்லை என்பதை நகராட்சி பரிசோதித்து உறுதி செய்திருக்கிறது.

இந்தக் கிறிஸ்துமஸ் மாலை எங்கள் வீட்டில் கூடுவதாக முடிவாயிற்று. நானும் என் கணவர் ஆசீரும் மாமியாரும் என் அக்காவும். எனக்குச் சமையல் பெரிதாக வராது. சுலபமானவையாகத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளரி வில்லை மேல் கெட்டித் தயிரும் துருவிய கேரட்டும். பல்குச்சியில் ஒரு பன்னீர்த் துண்டு, ஓர் அன்னாசித் துண்டு. வேகவைத்த உருளைக்கிழங்கைப் பிசைந்து, உருட்டி, வறுத்த வேர்க்கடலைப் பொடியில் புரட்டியது. பொடி தூவிய குட்டி இட்லி.

ஆசீர் காய்கறி மண்டியில் ஏலம் கூவுகிறவர். அவர் அளவு எழுபத்தொன்று. அவருக்கான உருளை உருண்டை கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து. மாமியாருக்கு நாற்பத்து நான்கு. எனக்கு முப்பத்தெட்டு.

மணப்பாறையிலிருந்து அக்காவின் அட்டை நகல் தபாலில் வந்தது. சலோமி, வயது ஐம்பத்திரண்டு, ஆறு மில்லிமீட்டர்.

போன வருஷம் பத்தொன்பது. அதற்கு முன்பு நாற்பத்தொன்று. பேசாத வாய் சுருங்கும். அம்மா என் வீட்டில் இறந்துபோய் ஒன்றரை வருஷமாகிறது. அடக்கத்தன்று கல்லறை வாசலில் "சரி" என்று சொன்னதுதான் அக்கா கடைசியாகப் பேசியது. அவளுக்கு நூலகத்தில் வேலை. பேசாமல் இருப்பது அங்கே குறையாகத் தெரியவில்லை. ஐந்துக்குக் கீழே இறங்கினால் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிறகு அவளைக் கல்யாணத்துக்கோ சாவுக்கோ யாரும் கூப்பிட முடியாது.

ஆறு மில்லிமீட்டருக்கு வெள்ளரி சரிப்படவில்லை; வில்லையை வெட்ட வெட்ட விதைதான் மிஞ்சியது. பன்னீர் உதிர்ந்தது. கடைசியில் பேனா மூடிகளைக் கழுவி, உள்ளே எண்ணெய் தடவி, சொட்டு சொட்டாக மாவு விட்டு ஆவியில் வைத்தேன். பதினொன்று ஊற்றியதில் ஒன்பது உடைந்துவிட்டன. இரண்டு முழுசாக வந்தன. ஊசி முனையில் நெய் தொட்டு வைத்தேன்.

அக்கா நாலு மணிக்கு வந்தாள். உதடுகள் ஒரு சட்டைப் பொத்தான் ஓட்டைபோல் குவிந்திருந்தன. தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அளவுக்காரர் பொன்னையாவும் பின்னாலேயே வந்துவிட்டார். கூட்டம் நடக்கிற வீடுகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

அக்காவின் முன்னால் தட்டை வைத்தேன். ஓர் இட்லியை எடுத்து உதட்டில் வைத்தாள். அது உள்ளே போகவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தாள். அப்போதும் போகவில்லை.

பொன்னையா அளவுகோலை எடுத்தார். "நாலரை," என்றார். "அட்டை எழுதினப்புறம் இன்னும் இறங்கியிருக்கு. அட்டையைக் குடுங்கம்மா."

அக்கா பையைத் திறந்து அட்டையை எடுத்தாள். கொடுக்கத் தயாராகத்தான் வந்திருந்தாள் என்று எனக்குப் பட்டது. மாமியார் வேறு பக்கம் பார்த்தார். ஆசீர் வாய் நிறைய உருளைக்கிழங்கோடு இருந்ததால் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

"அம்மா உன்னைக் கேட்டாங்க," என்றேன்.

அட்டை பாதி தூரத்தில் நின்றது.

"அவங்க போன அன்னைக்கு மத்தியானம் கேட்டாங்க. நான்தான் உனக்குச் சொல்லல."

அக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரக் கொஞ்ச நேரமாயிற்று.

"எத்தனை மணிக்கு?"

"ஏழு," என்றார் பொன்னையா, அளவுகோலைப் பார்த்து.

"மூணு மணிக்கு," என்றேன் நான்.

"பேர் சொல்லியா?"

"சலோமி எங்கேன்னு கேட்டாங்க. நாலு தடவை."

"நான் ரெண்டு மணிக்கும் போன் பண்ணேன், அஞ்சு மணிக்கும் பண்ணேன். வெறும் காய்ச்சல்தான், நாளைக்கு வந்தா போதும்னு சொன்னியேடி."

"பதினாலு," என்றார் பொன்னையா.

"சொன்னேன்."

"ஏன்டி?"

பலநாள் நான் தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. அவள் பதறுவாளே என்று சொல்லவில்லை என்பது அந்தப் பதில். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் வேறுதான் வந்தது.

"மூணு வருஷமா பக்கத்துல இருந்து பார்த்தது நான். கேட்டது உன்னை. எனக்குப் பொறுக்கல."

அக்கா அட்டையை மேசைமேல் வைத்தாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. பிறகு கோர்வையாக. அவளுடைய ஆறாம் வகுப்பு நோட்டில் நான் மை கொட்டியதிலிருந்து தொடங்கினாள். அம்மாவின் முகத்தை உயிரோடு பார்க்கவிடாமல் செய்தவள் என்று மூன்று முறை சொன்னாள். மறுக்க ஒன்றுமில்லை; அதோடு எனக்கு வேலையும் இருந்தது. பொன்னையா இருபத்திரண்டு என்றபோது ஒரு சின்ன உருளை உருண்டை பிடித்தேன். கடலைப் பொடியில் புரட்டுவதற்குள் இருபத்தொன்பது என்றார். இன்னும் கொஞ்சம் கிழங்கை அப்பினேன். முப்பத்தைந்து என்றார். மறுபடி அப்பினேன். அழுதுகொண்டே உருட்டியதால் ஒரு பக்கம் கொஞ்சம் ஈரமாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் பொடியைக் கூடுதலாகத் தூவினேன்.

கால் மணி நேரம் கழித்து அக்கா மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"நாற்பத்து மூணு," என்றார் பொன்னையா. அட்டையில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதி, முத்திரை குத்தினார். ஒரு வாய் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

உருண்டையை அக்காவிடம் நீட்டினேன். வாங்கி, ஒரே வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடித்தாள்.

"உப்பு பத்தல," என்றாள்.

"இன்னொண்ணு பிடிக்கட்டுமா?"

"பிடி. உப்பு போட்டுப் பிடி."

மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் உப்புப் போட்டுப் பிடித்த நாலு உருண்டையையும் சாப்பிட்டாள். அம்மா கடைசியில் போர்த்தியிருந்த சால்வையைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஈஸ்டருக்கு நீ அங்க வா," என்றாள். "இன்னும் திட்ட வேண்டியது இருக்கு."

"வர்றேன்க்கா."

பண்டிகை நாள் என்பதால் ரயில் நிலையம் விடுமுறையில் போயிருந்தது. ஆறேகால் மணிக்கு மணப்பாறை ரயில் எங்கள் இரண்டாவது மாடிப் பால்கனிக்கே வந்து நின்றது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை நான் ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்தேன். ஆசீர் அக்காவின் பையை உள்ளே ஏற்றினார். ஜன்னலோரம் இடம் இருந்தது.